செம்புக் குண்டின் முனைக்குழி

ஏழு ஆண்டுகள் வேட்டைக் குண்டு செய்யும் ஆலையில் வேலை பார்த்தேன். அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூடத் துப்பாக்கிச் சத்தம் கேட்டதில்லை. கடலூர் முதுநகரைத் தாண்டி, தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த அந்த ஆலைக்கு அரசு கொடுத்த உரிமம் குண்டுக்கு மட்டும்தான். வெடிமருந்து கிடையாது, தோட்டாவின் பித்தளைக் கூடும் கிடையாது. சுண்டு விரலில் பாதி நீளமுள்ள செம்புத் துண்டுகளைக் கடைந்து, கழுவி, பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புவோம். அவற்றைச் சுட்டுப் பார்ப்பவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள்.

இப்போது அங்கே தரப் பரிசோதனையில் இருக்கும் பெண் சென்ற மாதம் போன் செய்தார். "சார், கழுவினதுக்கு அப்புறம் ஒரு தடவ, பேக்கிங்குக்கு முன்னாடி ஒரு தடவ, ரெண்டு வாட்டி குழியில கம்பி விட்டுப் பாக்குறோம். டிராயிங்ல அப்டி எதுவும் இல்லையே? யாரு கொண்டாந்த வழக்கம் இது?" என்று கேட்டார். இரண்டாவது சோதனையை நிறுத்திவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உலோகவியலில் டிப்ளமோ. அதற்கு முன் இரண்டு ஆண்டு ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பிறகு வார்ப்பாலைகளின் ஆய்வுக்கூடங்களில் நீண்ட காலம். 2005இல் இந்த ஆலை தொடங்கியபோது, சிதம்பரத்தில் வீடு இருந்ததால் தரப் பரிசோதகனாகச் சேர்ந்தேன். 2012இல் ஓய்வு பெற்றேன்.

மேலாளர் தணிகாசலம் என்னைவிட இரண்டு வயது பெரியவர். அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். அவரும் சிதம்பரம். காலையும் மாலையும் ஒரே பேருந்தில் போய் வந்தோம். பேருந்தில் வேலையைப் பற்றிப் பேசமாட்டார். ஆலைக்குள் குரலை உயர்த்தியதில்லை, யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. யாராவது ஏதாவது சொல்ல வந்தால், "பாத்தத சொல்றீங்களா, நெனச்சத சொல்றீங்களா?" என்பார். பார்த்ததை முதலில் கேட்பார். இரண்டாவது, முக்கியமான கேள்வி எதையும் இரண்டு முறை கேட்பார். ஒரு முறை கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, முன்பு கேட்காதவர் போல அதே கேள்வியை அதே சொற்களில் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் தலையசைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவருக்கு மறதி என்று நினைப்பார்கள். ஒரு வாரத்தில் புரிந்துகொள்வார்கள்.

வேட்டைக் குண்டு என்றால் நூற்றாண்டுகளாக ஈயம்தான். கனமானது, மெத்தென்றது, எளிதில் உருகும். பட்டதும் நசுங்கி விரியும். அதே மென்மைதான் அதன் குறையும். மானின் உடலுக்குள் ஈயம் பொடிப்பொடியாகச் சிதறும். வேடன் விட்டுச் செல்லும் குடலைக் கழுகு தின்னும், ஈயத்தையும் சேர்த்து. கழுகுகள் சாவதைக் கண்ட சில நாடுகள் ஈயக் குண்டைக் கைவிடத் தொடங்கின. எங்களுக்கு ஆர்டர் வந்தது அப்படித்தான்.

செம்பு சிதறாது. ஆனால் தானாக விரியவும் செய்யாது. அதனால் முனையில் ஒரு குழி போட வேண்டும். குழியின் உட்சுவரில் நான்கு கீறல்கள். குண்டு உடலுக்குள் பாயும்போது அங்குள்ள ஈரம் குழிக்குள் புகுந்து சுவரை வெளியே தள்ளும். கீறல் வழியே சுவர் கிழிந்து நான்கு இதழாக மடங்கும். விரிந்த குண்டு ஒரே அடியில் விலங்கை வீழ்த்தும். விரியாத குண்டு ஆணி போல ஊடுருவி மறுபக்கம் போய்விடும். விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து, மெதுவாகச் சாகும். வாங்குபவர் அனுப்பிய முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தார். செம்பு ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டை நீளமாகச் செய்ய வேண்டும். நீளமான செம்பு துப்பாக்கிக் குழாயில் அதிகமாக உரசும் என்பதால் உடலைச் சுற்றி வளையப் பள்ளங்கள் வெட்ட வேண்டும். கடைசியில் உலையில் வைத்துச் செம்பின் பதத்தை இளக்க வேண்டும். பதம் கெட்டியாக இருந்தால் இதழ் விரியாது. ரொம்ப இளகினால் இதழ் பிய்ந்து போய்விடும். என் வேலையில் பாதி இந்தப் பதத்தைச் சோதிப்பதுதான்.

இதையெல்லாம் லேத் ஓட்டுபவர்களுக்கு விளக்கும்படி ஒரு நாள் தணிகாசலம் சார் என்னிடம் சொன்னார். விளக்கி முடித்ததும் கலைமணி கையைத் தூக்கினான். கிள்ளைக்குப் பக்கத்து மீனவக் கிராமத்துப் பையன், இருபத்து நான்கு வயது, ஐ.டி.ஐ. முடித்தவன்.

"சார், எங்க ஊட்ல வலைக்கு ஈயம் கட்டும்போது பல்லாலதான் கடிச்சு நெரிப்போம். எங்க தாத்தா எழுபது வயசு வரைக்கும் கடிச்சாரு."

"பல்லு இருந்துச்சா?" என்றாள் பேக்கிங் பகுதி அஞ்சலை.

"ஈயத்தக் கடிக்க இருந்துச்சுக்கா. முறுக்கக் கடிக்கத்தான் இல்ல." சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தான். "அப்ப சார், மானு சாவலாம், கழுகுதான் சாவக் கூடாது. கணக்கு அதானே?"

"மானும் சீக்கிரமா சாவணும். அதுதான் நம்ம வேலை" என்றார் தணிகாசலம் சார்.

கலைமணி கடலுக்குப் போவதில்லை. சுனாமி அலை வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு படகில் ஏறியதே இல்லை. அன்று என்ன பார்த்தான் என்று அவன் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் ஆலையில் தகுதிகாண் காலத்தில் இருந்தான். அது முடிந்தால் நிரந்தரம். அந்தத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை நீக்கியவனை அடுத்த ஆலை எடுக்காது. அவனுக்கு லேத் இல்லையென்றால் கடல்தான் மிச்சம்.

2008இல் புதிய அளவுக் குண்டு ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. முந்தையதைவிட நீளம், குழியும் குறுகல். முதல் அனுப்பீடு ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டியில் ஏறியது. பிறகு இரண்டு மாதம் சத்தமில்லை. மார்கழி பிறந்ததும் ஒரு பார்சல் வந்தது.

அதற்குள் சுடப்பட்ட குண்டுகள் இருந்தன. விலங்கின் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கூழ்க் கட்டிக்குள் வாங்குபவர் சுட்டு எடுத்தவை. கிட்டத்தில் இருந்து சுட்டவை எல்லாம் நான்கு இதழாக, ஒழுங்காக விரிந்திருந்தன. தொலைவில் இருந்து, வேகம் குறைந்த நிலையில் சுட்டவற்றில் ஒரு பகுதி விரியவே இல்லை. லேத்தில் இருந்து இறக்கியது போல முனை அப்படியே இருந்தது. கூடவே ஒரு கடிதம்: செம்பு கெட்டியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் தெரிவிக்கும் வரை அடுத்த அனுப்பீடு வேண்டாம்.

தணிகாசலம் சார் விரியாத குண்டு ஒன்றைக் கைக்குட்டையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "'நினைக்கிறோம்'னுதான் எழுதியிருக்காங்க" என்றார்.

ஆலையில் சந்தேகம் உடனே கலைமணி மேல் விழுந்தது. காரணம் இருந்தது. எங்கள் ஸ்டோரில் இரண்டு வகைச் செம்புக் கம்பி உண்டு. கெட்டிக்கு முனையில் சிவப்பு வண்ணம், இளக்கானதற்குப் பச்சை. வண்ணம் இல்லாத முனையில் இருந்துதான் வெட்ட வேண்டும், கடைசித் துண்டு வரை வண்ணம் மிஞ்ச வேண்டும். இது விதி. கலைமணியின் லேத்துக்குக் கீழே வண்ணமே இல்லாத இரண்டு துண்டுகள் கிடந்தன. அவன் வண்ண முனையில் இருந்து வெட்டியிருந்தான்.

"ஏன்?" என்றார் தணிகாசலம் சார்.

"பச்ச பக்கம் வளைஞ்சிருந்துச்சு சார். அத மொதல்ல வெட்டித் தள்ளிட்டேன். ரெண்டும் பச்சதான்."

அரை மணி கழித்து மறுபடியும் வந்தார். "ஏன்?"

"பச்ச பக்கம் வளைஞ்சிருந்துச்சு சார்" என்றான் கலைமணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சென்னையில் இருந்த முதலாளி போனில் பேசினார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "என்னா தணிகாசலம், இதுல யோசிக்க என்ன இருக்கு? கம்பியக் கலந்துட்டான், ஆள வேலையிலேர்ந்து எடுத்துட்டோம்னு எழுதுங்க. வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியும். நடவடிக்கைன்னா அதான்."

"காரணம் தெரியட்டும் சார்."

"எத்தன நாளு?"

"பொங்கலுக்குள்ள."

அதுவரை கலைமணி லேத்தைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளி அறையின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சீருடையோடு காலையில் வந்து உட்காருவான், மாலையில் எழுந்து போவான். அந்த வழியாக டி.வி.எஸ். வண்டியில் மீன் பெட்டியோடு போகும் அவன் தாய்மாமன் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வண்டியை நிறுத்தினார். நான் அப்போது கேட்டில் இருந்தேன்.

"என்னா மாப்ள, கேட்டக் காவ காக்குறியா? எம் போட்டுக்கும் ஆளு வேணும்டா. சம்பளம் இல்ல, மீனு ஜாஸ்தி."

"போ மாமா, வெயில்ல நண்டு செத்துடும்."

"நண்ட வுடு. வரியா, வரலியா?"

கலைமணி ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மாமன் மீன் பெட்டியின் கயிற்றை இறுக்கினார். பிறகு, கிண்டல் இல்லாத குரலில், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் விரியாத குண்டுகளின் கெட்டித்தன்மையை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பல இடங்களில். விரிந்தவற்றிலும் எடுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாம் அளவுக்குள் இருந்தன. லேத்துக்குக் கீழே கிடந்த இரண்டு துண்டுகளும் இளக்கான கம்பிதான். கலைமணி சொன்னது சரி.

கேட்டைக் கடக்கும்போது கேட்டான். "சார், ஒங்க மெஷினு என்னா சொல்லுது?"

"செம்பு சரியா இருக்குன்னு சொல்லுது."

"அப்ப உள்ள போலாமா?"

"அது மெஷின் சொல்லாது."

செம்பு குற்றமில்லை என்பதை மட்டும் எழுதினால் போதாது. ஏன் விரியவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். நிற்கிற கேள்விக்கு முதலாளியிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. சுட்ட குண்டுகளின் குழிக்குள் பழுப்பாக ஏதோ அடைந்திருந்தது. தணிகாசலம் சாரிடம் காட்டினேன். "ஜெல்லா இருக்கும். கூழ்க் கட்டியிலதானே சுட்டாங்க" என்றார். "இருக்கும்" என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அன்றுதான்.

எங்கள் நடைமுறையில் ஒன்று உண்டு. பேக்கிங் செய்யும்போது ஒவ்வொரு தட்டில் இருந்தும் ஐந்து குண்டுகளை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, தட்டின் எண்ணை ஒட்டி அலமாரியில் வைப்போம். அவை ஆலையை விட்டு வெளியே போகாதவை. யாரும் சுடாதவை. அந்த அனுப்பீட்டின் டப்பாக்களை இறக்கினேன். ஒவ்வொரு குண்டையும் கறுப்புப் பிசினில் நிற்க வைத்து இறுகவிட்டு, நீளவாக்கில் பாதி வரை தேய்த்து, மெருகேற்றினேன். அப்படிச் செய்தால் செம்பு இளஞ்சிவப்புக் கண்ணாடி போல ஆகிவிடும். குழியின் வடிவம் வரைபடத்தில் இருப்பது போலவே தெரியும். முதல் டப்பாக்களில் குழி வெறுமையாக, சுத்தமாக இருந்தது. ஒரு தட்டின் டப்பாவில் ஐந்திலும் குழி நிரம்பியிருந்தது.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அடியில் மஞ்சள், கட்டியாக, சுண்ணாம்பு இறுகியது போல. அதன் மேல், குழியின் வாயருகே, மெல்லிய சிவப்புப் படலம்.

மஞ்சளுக்கு மேல் சிவப்பு. நம் ஊரில் அதற்கு ஆய்வு தேவையில்லை.

அந்த ஆயுத பூஜையில் நானும் இருந்தேன். புதிய குண்டின் முதல் அனுப்பீடு என்பதால், கழுவி, நான் முத்திரை போட்ட ஒரு தட்டைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தார்கள். மரத்தட்டில் துளைகள் இருக்கும். குண்டுகள் முனை மேலே பார்க்க வரிசையாக நிற்கும். மற்ற மேலாளர்களாக இருந்தால் தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு லேத்துக்குப் போயிருப்பார்கள். தணிகாசலம் சார் இடமிருந்து வலமாக, ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசையாக, ஒவ்வொரு குண்டின் முனையிலும் சந்தனம் வைத்தார். பிறகு முதலில் இருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் குங்குமம். கடையில் வாங்கிய சந்தனத் தூள். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். மறுநாள் காலை அஞ்சலை பனியன் துணியால் முனைகளைத் துடைத்துவிட்டுப் பெட்டியில் அடுக்கினாள். வெளியே இருந்தது போய்விட்டது. உள்ளே இருந்தது அழுந்தி நின்றது. அடைபட்ட குழிக்குள் ஈரம் புக வழியில்லை. கிட்டத்தில் சுட்டபோது வேகம் அடைப்பை மீறியிருக்கிறது, தொலைவில் மீறவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். வந்தார். நுண்ணோக்கியில் குனிந்தார்.

"என்னது?"

"பாத்தத சொல்லட்டுமா சார்?"

"சொல்லுங்க."

"மேல செவப்பு. கீழ மஞ்சள்."

நிமிரவில்லை. குமிழைத் திருப்பி இன்னும் கொஞ்சம் தெளிவாக்கினார். அடுத்த குண்டை வைக்கச் சொன்னார். ஐந்தையும் பார்த்தார்.

"எந்தத் தட்டு?"

எண்ணைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"ஒண்ணு விடாம வெச்சேன்" என்றார்.

தன் அறைக்குப் போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். "எந்தத் தட்டு?" என்று கேட்டார். அதே எண்ணைச் சொன்னேன். தலையசைத்தார்.

அன்று பேருந்தில், ஆலப்பாக்கம் தாண்டியதும், வழக்கத்துக்கு மாறாக அவரே வேலைப் பேச்சை எடுத்தார். "அன்னியப் பொருள்னு எழுதினா போதும் இல்ல? பொய் இல்லையே அது."

"பொய் இல்ல சார். ஆனா யாரு போட்டதுன்னு முதலாளி கேப்பாரு. கழுவின எடத்துல ஒருத்தர், துடைச்ச எடத்துல அஞ்சலை, லேத்துல கலைமணி. மூணு பேரு இருக்காங்க."

புதுச்சத்திரம் வந்தது. கூடைக்காரர்கள் ஏறினார்கள். கண்டக்டர் ஒரு கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்ல, அந்த அம்மாள், "இந்தக் கூட ஒனக்கு ஒக்கார எடம் கேட்டுச்சா?" என்று சண்டைக்கு நின்றாள். தணிகாசலம் சார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் இறங்கும்போது, "நாலு பேரு" என்றார்.

மறுநாள் அறிக்கையை அவரே எழுதினார். காரணம்: முனைக்குழியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். வைத்தவர்: ஆலை மேலாளர். சந்தர்ப்பம்: கருவிகளுக்குச் செய்யும் ஆண்டு வழிபாடு. நடவடிக்கை: கழுவிய பின் ஒரு முறையும் பேக்கிங்குக்கு முன் ஒரு முறையும் எல்லாக் குழிகளிலும் கம்பி விட்டுச் சோதனை. வழிபாட்டு நாளில் தட்டுகளுக்கு மூடி.

முதலாளி போனில் கத்தினார். "பூஜைய எல்லாமா எழுதுவாங்க? சிரிக்க மாட்டான்? அந்தப் பையன எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதுங்கன்னா..."

"செம்பு கெட்டின்னு அவுங்க நெனச்சா, ஆர்டர் போயிடும் சார். சிரிச்சா போவாது."

"நடவடிக்கைன்னு கேக்குறான். ஒங்கள எடுத்துட்டேன்னு எழுதட்டுமா?"

"எழுதலாம் சார்."

முதலாளி போனை வைத்துவிட்டார். அறிக்கை எழுதியபடியே போயிற்று.

அன்று மதியம் கலைமணியை லேத்துக்கு வரச் சொன்னார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மன்னிப்பு போன்ற ஏதோ ஒன்றை எதிர்பார்த்தோம் என்று நினைக்கிறேன். அவர் கையில் ஒரு மெமோ இருந்தது.

"வண்ண முனையிலேர்ந்து வெட்டினது தப்பு. அது தனி. கையெழுத்துப் போடுங்க."

கலைமணி படித்தான். கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்: "பொட்டு வெச்சதுக்கு மெமோ கெடையாதா சார்?"

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதலாளி குடுக்கணும். கேட்டிருக்கேன்" என்றார் அவர். பிறகு லேத்தைக் காட்டினார். "நாலு வாரமா ஓடல. எண்ணெ போட்டுட்டு எடுங்க."

வாங்குபவரிடம் இருந்து சுருக்கமான பதில் வந்தது. விளக்கத்தை ஏற்கிறோம், மாற்று அனுப்பீட்டை அனுப்புங்கள். கடைசியில் ஒரு கேள்வி: இந்த வழிபாடு எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை நடக்கும்? ஆண்டுக்கு ஒரு முறை என்று பதில் எழுதினோம். பங்குனியில் கலைமணி நிரந்தரமானான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சரஸ்வதி படத்தின் முன்னால் தட்டுகளை வைத்தார்கள். வைத்தது கலைமணி. சந்தனக் கிண்ணத்தை அஞ்சலை நீட்டினாள். தணிகாசலம் சார் வாங்கவில்லை.

"தட்டுக்கெல்லாம் மூடி போட்டாச்சா?" என்று கலைமணியிடம் கேட்டார்.

"போட்டாச்சு சார்."

அவர் லேத் வரிசைப் பக்கம் நடந்துபோனார். கற்பூரத் தட்டோடு அர்ச்சகர் நின்றார். பொரி கடலை வாங்க வந்தவர்கள் நின்றார்கள். அஞ்சலை கிண்ணத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். என்ன நடக்கிறது என்று புதியவர்களுக்குப் புரியவில்லை. பழையவர்களில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அரை மணி ஆகியிருக்கும். திரும்பி வந்தார்.

"தட்டுக்கெல்லாம் மூடி போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்" என்றான் கலைமணி.

அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை வாங்கினார்.